மும்பை மே மாச வெயில்: 2-3 வயசுக் குழந்தைய அதிகம் செலவில்லாம எப்படிப் பாத்துக்கறது?

திலக்நகர்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். நாங்க செம்பூர் திலக் நகர்ல இருக்கோம், 1 பிஎச்கே, நாலாவது மாடி. பையனுக்கு ரெண்டே கால் வயசு. அவன் போற டேகேர் மே மாசம் முழுக்க லீவுன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல ஒரு இடத்துல குட்டீஸ் சம்மர் கேம்ப்னு போர்டு பாத்து விசாரிச்சேன், ரெண்டு வாரம், தினம் ஒன்றரை மணி நேரம், அதுக்கு 6500 ரூபாயாம். கலர் அடிக்கறது, ஸ்லைம், காத்தடிச்ச குட்டி பூல்னு லிஸ்ட் படிக்கறாங்க. வாடகையும் இஎம்ஐயும் போனதுக்கப்புறம் எங்களுக்கு அது பெரிய காசு.

மாமியார் கும்பகோணத்துலேந்து வர்றாங்க. அவங்களுக்கு முட்டி வலி, பின்னாடி ஓட முடியாது. எனக்கு வாரத்துல மூணு நாள் பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஆபீஸ். காலைல எப்படியோ ஓடிடுது, சாயங்காலம் கீழ இறக்கி விட்டா பில்டிங் பசங்க இருக்காங்க. 11 மணிலேந்து 5 மணி வரைக்கும்தான் என்ன பண்றதுன்னே தெரியல, ஃபேன் காத்தே சூடா வருது, ஜன்னல தொறந்தா அனல், மூடினா புழுக்கம், அவன் போன் போன்னு அழுதுட்டே இருக்கான். பாட்டி உக்காந்த இடத்துலேந்தே பாத்துக்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க. கேம்ப்ல சேக்கலன்னா குழந்தைக்கு ஏதாவது விட்டுப் போயிடுமா, அதையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வாஷி_டீச்சர்
நான் பால்வாடி டீச்சர், நிறைய வருஷமா இந்த வயசுக் குழந்தைங்களோடதான் இருக்கேன். முதல்ல கடைசிக் கேள்விக்கு பதில். ஒண்ணும் விட்டுப் போகாது. ரெண்டே கால் வயசுல குழந்தைங்க இன்னொரு குழந்தையோட சேந்து விளையாடறது ரொம்பக் கம்மி, பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க பாட்டுக்கு விளையாடுவாங்க. அதுக்கு உங்க பில்டிங் பசங்களே போதும்.

அவங்களுக்கு வேண்டியது நாம செய்யற வேலை. நீங்க துணி மடிச்சா அவனுக்கும் மடிக்கணும், நீங்க தொடைச்சா அவனுக்கும் தொடைக்கணும். அத செய்ய விடாம "நீ போய் விளையாடு"ன்னு ஒரு பொம்மைய கைல குடுத்து அனுப்பறோம், அவன் ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்து காலக் கட்டிக்கறான். காஞ்ச துணியக் குவிச்சு வெச்சு அப்பா சாக்ஸ் எது உன் சாக்ஸ் எதுன்னு ஜோடி சேக்கச் சொல்லுங்க. துணி காயப்போடற கிளிப்ப ஒரு டப்பா ஓரத்துல மாட்டிக் கழட்டச் சொல்லுங்க, விரலுக்கு அவ்வளவு நல்ல பயிற்சி, பின்னாடி பென்சில் பிடிக்க அந்த பலம்தான் வேணும். சின்ன கிளிப் வேண்டாம், பெருசா இருக்கணும்.

இன்னொண்ணு, வீட்ல இருக்கற எல்லா பொம்மையும் ஒரே சமயத்துல தரைல கொட்டி வெக்காதீங்க. மூணோ நாலோ வெளிய இருக்கட்டும், மத்தத மூட்டை கட்டி லாஃப்ட்ல போட்டுடுங்க. அடுத்த வாரம் மாத்துங்க. பழைய பொம்மையவே புதுசு மாதிரி எடுப்பான், காசு செலவில்ல.

ஒரு விளையாட்டுல அஞ்சு பத்து நிமிஷம் நின்னாலே இந்த வயசுக்கு அதிகம். அதனால ஒரு மணி நேரம் ஓடணும்னு எதிர்பாத்து பாட்டி மனசு விட வேண்டாம். அதே விளையாட்ட மறுபடி மறுபடி கேப்பான், சலிக்காம குடுங்க, அப்படித்தான் அவங்க கத்துக்கறாங்க.

மாட்டுங்கா_மாமி
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. என் பேத்திய நான்தான் பாத்துண்டேன், நானும் முட்டி ஆபரேஷன் ஆனவதான். அதனால உன் மாமியார் கஷ்டம் எனக்குத் தெரியும்மா.

நான் கார்த்தால பத்து மணிக்கே சமையல முடிச்சுடாம கொஞ்சம் வேலைய மிச்சம் வெச்சுப்பேன். கறிவேப்பிலை உருவறது, கொத்தமல்லி ஆயறது, வாழைப்பூ மடல் பிரிக்கறது. வாழைப்பூ ஒண்ணு வாங்கினா போறும், ஒவ்வொரு மடலா தூக்கித் தூக்கி உள்ள என்ன இருக்குன்னு பாத்துண்டே உக்காந்துண்டிருப்பா. அந்த மடல தண்ணில விட்டா படகு. மார்க்கெட்ல பூக்காரா கிட்ட வாழைநாரும் உதிரிப் பூவும் சும்மாவே குடுப்பா, சாயங்காலம் கடை கட்டற நேரத்துல கேட்டா ஒரு பை நிறையத் தருவா. அத தாம்பாளத்துல கொட்டி, நிறம் நிறமா பிரிக்கச் சொல்லு. தண்ணி ஊத்தின உருளில மிதக்க விடச் சொல்லு.

கோலமாவு ஒரு கிண்ணத்துல குடுத்து பால்கனித் தரைல இழுக்க விடு. அரிசி மாவா இருக்கட்டும், கல் மாவு வேண்டாம், வாய்ல போட்டுப்பான். அது கோலமா வராது, வர வேண்டாம். கைல மாவு ஒட்டறது, ஊதினா பறக்கறது, அதுவே அவனுக்கு விளையாட்டு.

மரச் சொப்பு இருந்தா எடுத்து வெளில வை. இல்லேன்னா நம்ம பழைய எவர்சில்வர் கிண்ணம், கரண்டி, டபரா டம்ளர் போறும். பல்லாங்குழி இருக்கா? குழி குழியா போட்டு எடுக்கறது ரொம்பப் பிடிக்கும். சோழி, புளியங்கொட்டை...

டோம்பிவிலி_அப்பா
மாமி மன்னிச்சுக்கோங்க, பல்லாங்குழிய மட்டும் இந்த வயசுக்கு வேண்டாம்னு சொல்லுவேன். //சோழி, புளியங்கொட்டை// மூணு வயசுக்குள்ள குழந்தைங்க எது கெடச்சாலும் வாய்ல போடும், மூக்குல திணிக்கும். புளியங்கொட்டை சரியா மூச்சுக்குழாய அடைக்கற சைஸ். நிலக்கடலை, முழு திராட்சை, கோலி, பட்டன், எல்லாம் அப்படித்தான். பல்லாங்குழிப் பலகையே பிடிச்சிருந்தா அதுல போட பெரிய பாட்டில் மூடி, எலுமிச்சம்பழம் சைஸுக்கு உருட்டின துணிப் பந்து இப்படிக் குடுக்கலாம்.

தண்ணி விளையாட்டு யாரும் இன்னும் சரியா சொல்லல, எங்க வீட்டு மத்தியானம் ஓடறதே அதுலதான். பாத்ரூம் வாசல்ல ஒரு அகலமான பேசின்ல நாலு விரக்கடை தண்ணி, ஒரு டீ வடிகட்டி, ஒரு புனல், ரெண்டு டம்ளர், ஒரு பழைய ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச நனைச்சு இந்தக் கிண்ணத்துலேந்து அந்தக் கிண்ணத்துக்குப் பிழியணும். என் பொண்ணுக்கு அது போதும். இன்னொண்ணு, பெயின்ட் அடிக்கற பழைய பிரஷ்ஷும் ஒரு மக் தண்ணியும் குடுத்து பால்கனி சுவத்துக்கு பெயின்ட் அடின்னு சொல்லிடுவேன். இந்த வெயிலுக்கு நிமிஷத்துல காஞ்சுடும், மறுபடி முதல்லேந்து அடிப்பா. தரையும் குளுந்துடும்.

முலுண்ட்_வாசி
எல்லாரும் தண்ணி தண்ணின்னு சொல்றீங்க, நம்ம ஊர்ல மே மாசம் தண்ணி எங்க இருக்கு? 2024ல மே கடைசில 5 பர்சன்ட், ஜூன்ல 10 பர்சன்ட்னு முனிசிபாலிட்டி வெட்டினாங்க. எங்க சொசைட்டில காலைல ரெண்டு மணி நேரம்தான் வருது, டேங்கர் வாங்கறோம். இந்த நெலமைல குழந்தை விளையாட பேசின் பேசினா ஊத்தறது எனக்கு சரியா படல. குழந்தைக்கும் தண்ணி அருமைன்னு தெரியணுமில்லையா.

டோம்பிவிலி_அப்பா
//தண்ணி எங்க இருக்கு// நியாயம்தான் சகோ. எங்க பக்கமும் டேங்கர்தான், அதனால நான் கேம்ப்காரங்க மாதிரி பூல் சொல்லல, நாலு விரக்கடை சொன்னேன், அரை பக்கெட் கூட வராது. விளையாடி முடிச்ச தண்ணியிலயே தரை தொடைப்போம், மிச்சம் டாய்லெட்டுக்கு. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊத்தற தண்ணிய அவ கையாலயே ஊத்த வெப்போம். அரிசி களைஞ்ச தண்ணி கூட விளையாட ஆகும். எப்படியும் வீட்ல செலவாகற தண்ணி, நடுவுல ஒரு தடவ அவ கை வழியா போகுது.

சயான்_நர்ஸ்
நான் குழந்தைங்க வார்டுல வேலை பாத்தவ, அதனால இத அழுத்தமா சொல்லணும். தண்ணி விளையாட்டுன்னா பெரியவங்க கை எட்டற தூரத்துல இருக்கணும், முடிஞ்ச உடனே பேசின கவுத்துடணும். ரெண்டு வயசுக் குழந்தைக்கு தலை பெருசு, உடம்பு சின்னது, பக்கெட்டுக்குள்ள குனிஞ்சு விழுந்தா தானா எழுந்திரிக்கத் தெரியாது. சில அங்குலத் தண்ணியே ஆபத்து. சத்தம் கூட வராது. பால் பொங்குதுன்னு அடுப்புக்கு ஓடற நேரம் போதும். நம்ம ஊர்ல தண்ணி வராதுன்னு பாத்ரூம்ல டிரம்லயும் பக்கெட்லயும் பிடிச்சு வெப்போம் பாருங்க, அதுக்கு மூடி போட்டு பாத்ரூம் கதவ வெளிய தாழ்ப்பா போடுங்க. பாட்டி கிட்ட வந்த அன்னிக்கே இத சொல்லிடுங்க, மத்த எல்லாத்தையும் அப்புறம் சொல்லலாம்.

கடைல பாக்கெட்ல விக்கற ஜெல்லி மணி, தண்ணில போட்டா ஊதிப் பெருசாகுமே, அது வீட்டுக்குள்ள வரவே கூடாது. முழுங்கினா குடலுக்குள்ள ஊதி அடைச்சுக்கும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மைகளோட மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கமா இருக்கான்னு பாருங்க. ஜன்னல் பக்கத்துல சோபா, கட்டில், ஸ்டூல் எதுவும் இருந்தா நகத்திடுங்க, க்ரில் இருக்குன்னு நம்பி விடாதீங்க, நாலாவது மாடி.

வெயில் விஷயம். பகல்ல உச்சா போறது கம்மியாச்சா, உதடு காஞ்சிருக்கா, அழுதா கண்ணீர் வரலையா, வழக்கத்த விட சோர்ந்து கெடக்கானான்னு பாத்துக்கிட்டே இருங்க. தண்ணி, மோர், எளநீ கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. வயித்துப்போக்கு வந்தா ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொடி பெரிய பாக்கெட்ட சரியா 1 லிட்டர் தண்ணில கலக்கி 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மிச்சத்தக் கொட்டிடணும். டெட்ரா பேக்ல ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்த இனிப்பு ஜூஸுக்கெல்லாம் அந்தப் பேரே போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உத்தரவு போட்டுச்சு, பழைய நினைப்புல அத வாங்கிக் குடுக்காதீங்க. குழந்தை எழுப்பினாலும் மந்தமா இருந்தா, உடம்பு அனலா கொதிச்சா, வீட்டு வைத்தியம் பாக்காம ஆஸ்பத்திரி.

அந்தேரி_ஒத்தைப்புள்ள
கேம்ப் பத்தி வேற மாதிரியும் ஒருத்தர் சொல்லணும்னு எழுதறேன். எங்க பில்டிங்ல குழந்தைங்களே கெடையாது, நான் வீட்லேந்து வேலை, கணவர் ஷிப்ல. தினம் ஒன்றரை மணி நேரம் குழந்தை வேற முகத்தப் பாக்குது, நானும் ஒரு டீ குடிச்சு மூச்சு விடறேன்னா அந்தக் காசு எனக்கு வேணும். கேம்ப்ல சேக்கறவங்க எல்லாம் ஏமாந்தவங்கன்ற மாதிரி பேச வேண்டாம்.

வாஷி_டீச்சர்
அப்படி யாரும் நெனைக்கல தோழி. உங்களுக்கு அந்த நேரம் தேவைன்னா அது சரியான காரணம், தயங்காம சேருங்க. ஏசி இருக்கா, ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைங்க, பூல் தண்ணிய தினம் மாத்தறாங்களா, பாத்ரூம் கூட்டிட்டுப் போறது யாரு, இத நாலையும் நேர்ல பாத்துட்டு பணம் கட்டுங்க. "சேக்கலன்னா பின்தங்கிடுவான்"னு பயமுறுத்தி சேக்கறதத்தான் நான் ஏத்துக்க மாட்டேன். அது பொய்.

தாராவி_தம்பி
அக்கா, நம்ம தாராவி 90 அடி ரோட்டுல கும்பார்வாடா இருக்குல்லா, குஜராத்துல இருந்து வந்த குயவங்க தலைமுறை தலைமுறையா பானை செய்யுத எடம். அங்க போயி பச்சக் களிமண்ணு ஒரு உருண்டை கேளுங்க, பெரிய உருண்டையே ரொம்பக் கம்மி வெலைக்குத் தருவாங்க, புள்ளைக்குன்னு சொன்னா சில பேர் காசே வாங்க மாட்டாங்க. ஈரத்துணியில சுத்தி ஒரு டப்பால மூடி வச்சிட்டா காயாது. எங்க அண்ணன் மவளுக்கு அதான் குடுக்கோம். பழைய ஷவர் கர்ட்டன தரையில விரிச்சு, மண்ணு, ஒரு கிண்ணம் தண்ணி, ஒரு ஸ்பூனு, பழைய சீப்பு. சீப்ப அழுத்துனா கோடு கோடா விழும், இலையப் பதிச்சா நரம்பு தெரியும். பாத்ததையே பாத்துக்கிட்டு இருப்பா. முடிச்சதும் நேரா குளிக்க வச்சிரணும், அது ரெண்டாவது வெளையாட்டு. மண்ணுத் தண்ணிய சிங்க்குல ஊத்திராதீங்க, அடைச்சிக்கிடும், செடில ஊத்துங்க.

ஒரே ஒண்ணு, சூளை போடுத நேரம் புகையா இருக்கும். அதனால புள்ளைய கூட்டிட்டுப் போவாதீங்க, நீங்க மட்டும் காலைல போயி வாங்கிட்டு வந்திருங்க. இல்ல காத்தால புகை இல்லாத நேரமா பாத்து போனா சக்கரம் சுத்துதத பாக்கலாம், அது வேற எங்கயும் காசு குடுத்தாலும் கெடைக்காது.

அப்புறம் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். நம்ம தாராவி பஸ் டிப்போ பக்கத்துலதான், மித்தி ஆத்தோரம். ஒரு காலத்துல ஊரு குப்பையெல்லாம் கொட்டுன மேடு, இன்னைக்கு 37 ஏக்கர் காடு. எங்க தாத்தா காலத்துல அந்தப் பக்கம் மூக்கப் பொத்திட்டுத்தான் போவாங்களாம். இப்ப உள்ள போனா வெளிய இருக்கத விட நல்லா குளிர்ச்சியா இருக்கும். வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, விழுந்து கெடக்க காயி, சருகு. டிக்கெட் கொஞ்ச காசுதான். கொசுவுக்கு முழுக்கை சட்டை போட்டுவிடுங்க.

திலக்நகர்_அம்மா
ஐயோ எவ்வளவு விஷயம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ் அக்கா, டிரம் மூடி விஷயம் இன்னிக்கே பண்ணிட்டேன், சோபாவையும் நகத்தியாச்சு. தம்பி, தாராவி பஸ்ல போற வழிதான், சனிக்கிழமை காலைல போறேன்.

களிமண் எல்லா நாளும் முடியாது இல்லையா, வீட்ல மாவுல செய்யறது யாராவது சொல்லுங்க. அவன் எல்லாத்தையும் ருசி பாக்கறவன்.

மாட்டுங்கா_மாமி
ருசி பாக்கறவன்னா சப்பாத்தி மாவே குடு. உப்பு போடாம கொஞ்சம் எண்ணெய் விட்டு கெட்டியா பெசஞ்சுடு. பீட்ரூட் தண்ணில ஒரு உருண்டை, மஞ்சள்பொடில ஒண்ணு, கீரை அரைச்ச தண்ணில ஒண்ணு. இடியாப்ப அச்சு இருந்தா ஓட்டை பெருசா இருக்கற வில்லையப் போட்டு மாமியார் அழுத்தட்டும், அவன் கைல வாங்கிக்கட்டும். சாயங்காலம் தூக்கிப் போட்டுடு, வெச்சுக்காதே, இந்தப் புழுக்கத்துல புளிச்சுடும்.

ரொம்ப நாள் வெச்சுக்கணும்னா ஒரு டம்ளர் மைதாவுக்கு அரை டம்ளர் உப்பு போட்டு பெசைவா. ஆனா அது வாய்ல போடற குழந்தைக்கு கூடவே கூடாது, அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது. மூணு மூணரை வயசுக்கு மேல பாத்துக்கலாம்.

கார்கர்_கெமிஸ்ட்ரி
மாமி மஞ்சள்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. மஞ்சள்பொடிய தண்ணில கரைச்சு வெள்ளைப் பேப்பர் முழுக்கப் பூசிக் காய வெச்சுடுங்க. அப்புறம் சோப்புத் தண்ணியோ சமையல் சோடா கரைச்ச தண்ணியோ பிரஷ்ல தொட்டு அந்தப் பேப்பர்ல இழுத்தா சிவப்பா மாறும். மஞ்சள்ல இருக்கற குர்குமின் காரம் பட்டா நிறம் மாறும், ஆரத்தில சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதேதான். மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாகும். சின்னவனுக்கு மாயம், பக்கத்துல பெரிய குழந்தை இருந்தா அதுக்கு சயின்ஸ். பழைய பனியனோட உக்கார வைங்க, கறை போகாது. சுண்ணாம்ப மட்டும் குழந்தை கைல குடுக்காதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து.

வெயிலுக்கு இன்னொண்ணு. ராத்திரி பெரிய டிபன் டப்பால தண்ணி ஊத்தி உள்ள ஒரு செம்பருத்தி, ஒரு ஸ்பூன், ஒரு பிளாஸ்டிக் வாத்து போட்டு ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. மறுநாள் மதியம் தாம்பாளத்துல கவுத்து, ஒரு கிண்ணம் தண்ணியும் கரண்டியும் குடுத்து வாத்த வெளிய எடுன்னு சொல்லுங்க. மேல கொஞ்சம் கல்லுப்பு தூவினா அந்த எடம் சீக்கிரம் கரைஞ்சு குழி விழும். டப்பா சைஸ் கட்டியா இருக்கற வரைக்கும் நல்லது, துண்டு துண்டா ஒடஞ்சதும் எடுத்துடுங்க, வாய்ல போட்டா தொண்டைல நிக்கும்.

பைகுல்லா_பாட்டனார்
வெளியே போறதப் பத்தி நான் சொல்றேன். ராணி பாக் மிருகக்காட்சி சாலை, பைகுல்லா ஸ்டேஷன் கிழக்குல இறங்கினா நடக்கற தூரம். நாங்க போனப்ப பெரியவங்களுக்கு 50, மூணு வயசுக்குள்ள இலவசம். புதன்கிழமை லீவு, மறந்துட்டுப் போய் கேட்டுல நிக்காதீங்க. 2016ல சியோல்லேந்து கொண்டு வந்த ஹம்போல்ட் பென்குயின்ங்க அங்க இருக்கு, அந்தக் கட்டடத்துக்குள்ள நல்ல குளிர், குழந்தை கண்ணாடில மூக்க ஒட்டி வெச்சுட்டு நிக்கும். ஆனா எனக்கு அங்க பென்குயின விட மரங்கள்தான். 1860கள்ல தாவரத் தோட்டமா ஆரம்பிச்ச எடம், அந்த மாதிரி நிழல் நம்ம ஊர்ல அரிது. மிருகம் எல்லாத்தையும் பாத்தே ஆகணும்னு இழுத்துட்டு அலையாதீங்க. ரெண்டு மூணு போதும், மிச்ச நேரம் மரத்தடில ஒக்காந்து சாப்டுட்டு வாங்க. கேட் தொறக்கற நேரத்துக்கே போயிடணும், மத்தியானத்துக்குள்ள வீடு திரும்பணும்.

சனி ஞாயிறு சாயங்காலம் கடற்கரை. கிர்காவ்ம், தாதர், ஜுஹு எதுவானாலும் அஞ்சரைக்கு மேல, மே மாசம் ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். கைல ரெண்டு பழைய டப்பா, ஒரு கரண்டி. மணல்ல மட்டும், தண்ணிக்குள்ள வேண்டாம். கடல் தண்ணி ஏறற நேரத்தக் காலைல பேப்பர்ல பாத்துட்டுப் போங்க. அக்சா பக்கம் குழந்தையோட போகவே போகாதீங்க, அங்க அலை இழுக்கும்.

டோம்பிவிலி_அப்பா
சார் சொன்னதோட ரயிலயும் சேத்துக்கோங்க. அஞ்சு வயசுக்குள்ள ரயில்ல டிக்கெட்டே இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு ஹார்பர் லைன்ல கூட்டம் கம்மி, திலக் நகர்ல ஏறினா ஜன்னல் சீட்டு கெடைக்கும், சிஎஸ்எம்டி (பழைய விடி ஸ்டேஷன்) வரைக்கும் போய், அங்கேந்து ஏசி டபுள் டெக்கர் பஸ் ஓடுது, மாடில முன் சீட்டு கெடைக்கற வரைக்கும் ஒரு பஸ்ஸ விட்டுட்டு அடுத்ததுல ஏறுங்க. 2025 மே மாசம் விலை ஏத்தினப்புறம் ஏசி பஸ்ல குறைஞ்ச டிக்கெட் 12 ரூபா. பழைய டீசல் டபுள் டெக்கரெல்லாம் 2023 செப்டம்பரோட நின்னு போச்சு, இப்ப ஓடறது எலக்ட்ரிக். 10 மணிக்கு முன்னாடி திரும்பி வண்டி ஏறிடுங்க, அதுக்கப்புறம் மெகா பிளாக்னு தண்டவாள வேலைக்கு வண்டிய நிறுத்தி வெச்சிருப்பாங்க.

அதுவும் முடியாத நாள்ல ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜ்ல நின்னு வண்டி எண்ணலாம். உங்க திலக் நகர் பக்கத்துலயே எல்டிடி (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) இருக்கு, லோக்கலும் எக்ஸ்பிரஸும் ரெண்டும் பாக்கலாம். என் பொண்ணுக்கு பூங்காவ விட அதான் இஷ்டம்.

கோவண்டி_சித்தி
போன் பத்தி யாரும் பேசல. எனக்கு அதான் கவலை. அக்கா பையன் போன் இல்லாம ஒரு வாய் கூட சாப்பிட மாட்டேங்கறான். எல்லா விளையாட்டும் நல்லாத்தான் இருக்கு, ஆனா சமையல், துணி, வேலை எல்லாத்துக்கும் நடுவுல போனக் குடுத்தாத்தான் கை ஓயுது.

சயான்_நர்ஸ்
உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசுலேந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம், கம்மின்னா இன்னும் நல்லது. ஒரு வயசுல வேண்டவே வேண்டாம். அதே அறிக்கைல ஒண்ணுலேந்து நாலு வயசு வரைக்கும் நாள் முழுக்க சேத்து 180 நிமிஷமாவது உடம்பு அசையணும்னும் இருக்கு. அந்த ரெண்டாவத நாம கவனிக்கறதே இல்ல. நல்லா ஓடிக் களைச்ச குழந்தை போன் கேக்கறதே பாதியா குறையும்.

போன ஒரேடியா பிடுங்கினா பாட்டிக்குத்தான் கஷ்டம். சாப்பாட்டு நேரத்துல மட்டும் முதல்ல நிறுத்துங்க. பசிச்சா சாப்பிடுவான், ஒரு வேளை கம்மியா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. அப்புறம் ஊர்ல இருக்கற தாத்தாவோட வீடியோ கால்ல பேசறத இந்தக் கணக்குல சேக்காதீங்க, அது பேச்சு.

வீட்டுக்குள்ள ஓட வெக்க எடம் இல்லன்னு நெனைக்காதீங்க. தரைல கலர் டேப் ஒட்டி ரோடு போடுங்க, அது மேல நடக்கணும், தாண்டணும். தலகாணிய வரிசையா போட்டு ஏறி இறங்கட்டும். பாட்டி சேர்ல உக்காந்து "சிவப்பு மேல நில்லு, யானை மாதிரி நட"ன்னு சொன்னா போதும்.

வாஷி_டீச்சர்
கதைக்கு ஒண்ணு சொல்றேன். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைங்க நிறைய இலவசமா இருக்கு. டவுன்லோட் பண்ணி ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைல பிரின்ட் எடுத்து நூல்ல தைச்சுக் குடுங்க, போன்ல காட்ட வேண்டாம், கைல தொட்டுப் புரட்டட்டும். மும்பைல பொறக்கற நம்ம குழந்தைங்களுக்கு கீழ இறங்கினா இந்தி, மராத்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ். ஒரு மாசம் முழுக்க பாட்டி கூட இருக்கப் போறாங்க, அவங்க பேசறதக் கேட்டாலே அவனுக்கு தமிழ் எவ்வளவோ வந்துடும், நீங்களே பாருங்க. கைல பருப்பு கடையற விளையாட்டு, தலைய ஆட்டற பாட்டு, அவங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் பாடச் சொல்லுங்க.

திலக்நகர்_அம்மா
மாமியார் கிட்ட போன்ல இத எல்லாம் படிச்சுக் காட்டினேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "அங்க மொட்டைமாடி உண்டா, வடாம் போடலாமா"ன்னு. எங்க சொசைட்டில மொட்டைமாடி பூட்டுதான். இந்த ஊர் ஈரக் காத்துல வடாம் காயுமா? குழந்தைய வெச்சுட்டு செய்ய முடியுமா?

மாட்டுங்கா_மாமி
பேஷா காயும். நாங்க வருஷா வருஷம் போடறோம். செக்ரட்டரி கிட்ட லெட்டர் எழுதிக் குடு, கார்த்தால ஏழு மணிலேந்து ஒம்போது மணி வரைக்கும் சாவி வேணும், கூட ஒருத்தர் இருப்போம்னு. தர மாட்டேன்னா பால்கனி க்ரில் மேல முறம் வெச்சு போடு, வெயில் அடிக்கற பக்கமா பாத்து. கடல் காத்துக்கு தஞ்சாவூர் மாதிரி ஒரே நாள்ல காயாது, ரெண்டு மூணு நாள் திருப்பித் திருப்பிப் போடணும். ஜவ்வரிசி வடாம விட அரிசிக் கூழ் இந்த ஊருக்கு சுலபம்.

கூழ் கிண்டறச்சே குழந்தை சமையல் ரூம்லயே இருக்கக் கூடாது, கொதிக்கற கூழ் மேல பட்டா தோலோட வந்துடும். முதல் நாள் ராத்திரி அவன் தூங்கினப்பறம் கிண்டி ஆற விட்டுடணும். கார்த்தால நன்னா ஆறின கூழ் ஒரு கிண்ணம் அவனுக்குன்னு தனியா, ஒரு சின்ன பிளாஸ்டிக் ஷீட், ஒரு ஸ்பூன். அவன் போடறது எப்படி இருந்தாலும் எடுத்துக் காய வெச்சு பொரிச்சு அவனுக்கே காட்டணும். காக்கா வராம பாத்துக்கற வேலையும் அவனுக்குக் குடு, ஒரு குச்சில கலர் துணி கட்டி. ஒம்போது மணிக்கு மேல மாடில நிக்க வேண்டாம், தரை சுடும், செருப்பு போட்டே கூட்டிண்டு போ.

மே 20க்கு முன்னாடி முடிச்சுடுங்கோ. மழை வழக்கமா ஜூன் 11 வாக்குலதான் இங்க வரும், ஆனா 2025ல மே 26க்கே வந்துடுத்து, எங்காத்து முறம் அப்படியே நனைஞ்சது.

தாராவி_தம்பி
மாமி, எங்க வீட்ல வத்தலு அடுத்த வாரம் போடுதாங்க, எங்க ஆச்சிட்ட இத சொன்னேன், ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. அக்கா, நீங்க சனிக்கிழமை கும்பார்வாடா வந்தீங்கன்னா எட்டு மணிக்கு முன்னால வந்திருங்க, ஒரு மூடி போட்ட டப்பாவும் ஈரத்துணியும் கையில எடுத்துக்கிடுங்க.